நான்கு வருட வயர் ராப்பிங்: பரிசாகக் கொடுத்தவை திரும்பி வந்தபோது

வயர் ராப்பிங், அதாவது கம்பி சுற்றி நகை செய்வது, பழக ஆரம்பித்து நான்கு வருடம் ஆகிறது. பற்றவைக்க வேண்டாம், பசை வேண்டாம், கம்பியை வளைத்தும் சுற்றியும் கல்லையோ மணியையோ பிடித்து நிறுத்தினால் போதும். நான் செய்ததில் முக்கால்வாசி பரிசாகப் போய்விட்டது, அதனால் இந்த அனுபவத்தை என் மேசையில் பளபளவென்று கிடக்கும் நகைகளை வைத்து எழுதவில்லை. மற்றவர்கள் மாதக்கணக்கில் போட்டுப் பார்த்து, சிலது பிரிந்து, சிலது கறுத்து என்னிடமே திரும்பி வந்தன. அவற்றை வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் கம்பி. கம்பியின் தடிமனைக் கேஜ் எண்ணில் சொல்வார்கள், அந்த எண் கூடக் கூடக் கம்பி மெலியும் என்பது ஆரம்பத்தில் எல்லோரையும் குழப்பும். 20 கேஜ் என்றால் சுமார் 0.8 மில்லிமீட்டர், 26 கேஜ் என்றால் 0.4. நகையின் உருவத்தைத் தாங்கும் சட்டத்துக்கு 20, பின்னிச் சுற்றுவதற்கு 26 அல்லது 28 என்று வைத்துக்கொண்டாலே நிறைய டிசைன் செய்யலாம். பல நிறத்தில் முலாம் பூசிய கம்பிச் சுருள்கள் பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் பழகும்போது ஒரே இடத்தைக் குறடு பத்துத் தடவை பிடிக்கும், முலாம் உரிந்து உள்ளே இருக்கும் உலோகம் தெரியும். அதனால் பூச்சு எதுவும் இல்லாத மென்மையான செம்புக் கம்பியில் ஆரம்பியுங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். அதிலும் ஒரு விஷயம் உண்டு: வளைக்க வளைக்கச் செம்பு இறுகும். ஒரே இடத்தை நிமிர்த்தி மறுபடி வளைத்துக்கொண்டே இருந்தால் கடைசியில் பட்டென்று ஒடிந்துவிடும். தப்பாக வளைந்துவிட்டால் ஒரு முறை திருத்தலாம், அதற்கு மேல் புதுக் கம்பியை எடுப்பதே நல்லது.

கருவி மூன்று போதும். வளையம் போட உருண்டை மூக்குள்ள குறடான ரவுண்ட் நோஸ் பிளையர், பிடித்து அழுத்த உள்பக்கம் பல் இல்லாத செயின் நோஸ் பிளையர், அப்புறம் கம்பியை வெட்ட ஃபிளஷ் கட்டர். வீட்டில் இருக்கும் பல் வைத்த குறடு செம்பில் தழும்பு போட்டுவிடும், அதைத் தேய்த்து எடுப்பது பெரிய வேலை. கட்டரின் ஒரு பக்கம் வெட்டினால் நுனி தட்டையாக வரும், மறுபக்கம் கூராக வரும். தட்டைப் பக்கம் நகையை நோக்கி இருக்க வேண்டும். ரவுண்ட் நோஸின் மூக்கில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு எப்போதும் அந்த இடத்திலேயே கம்பியைச் சுற்றினால் இரண்டு கம்மலின் வளையமும் ஒரே அளவில் வரும். கண்ணாடி கட்டாயம் போடுங்கள், வெட்டிய துணுக்கு எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்லவே முடியாது.

சரி, திரும்பி வந்த பரிசுகளுக்கு வருகிறேன். அக்காவுக்குக் கொடுத்த முதல் கம்மலில் சாதாரண வளையம்தான் போட்டிருந்தேன், இரண்டு மாதத்தில் அது லேசாக வாய் திறந்து மணி எங்கேயோ விழுந்துவிட்டது. அன்றிலிருந்து எடை தாங்கும் எந்த வளையமாக இருந்தாலும் மிச்சக் கம்பியை வளையத்தின் கழுத்தில் இரண்டு மூன்று சுற்று சுற்றித்தான் முடிக்கிறேன், அதை இழுத்தாலும் திறக்காது. அதே கம்மலின் கொக்கியால் அக்காவுக்குக் காது அரித்தது. விலை குறைந்த கொக்கிகள் பலவற்றில் நிக்கல் கலந்திருக்கும், பலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. இப்போது காதுக்குள் போகும் பகுதி மட்டும் டைட்டானியமோ நியோபியமோதான், மற்றதெல்லாம் செம்பாக இருந்தாலும் பரவாயில்லை. அக்கா குறையாகச் சொல்லவே இல்லை, ஏன் போடவில்லை என்று நான்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பரிசு வாங்கியவர்கள் பெரும்பாலும் இப்படித்தான், மனம் நோகும் என்று பேசாமல் பெட்டியில் வைத்துவிடுவார்கள். கொடுத்து ஒரு மாதம் கழித்து நீங்களே கேளுங்கள்.

தோழிக்குக் கொடுத்த பெண்டன்ட் முன்பக்கம் அவ்வளவு அழகாக வந்திருந்தது, ஆனால் பின்பக்கத்தில் ஒரு கம்பி நுனி அவள் சட்டை நூலை இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. கையால் தடவிப் பார்த்தால் அந்த நுனி தெரியாது. இப்போது முடித்ததும் ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து நகை முழுக்கத் தேய்க்கிறேன், எங்கே இழை சிக்குகிறதோ அங்கே நுனி இருக்கிறது என்று அர்த்தம். அதைச் சன்ன அரத்தால் ராவி, உள்பக்கமாக அழுத்திவிட வேண்டும். இந்தக் கலையில் கைத்திறமை தெரிவது பின்பக்கத்தில்தான் என்று உறுதியாக நம்புகிறேன்.

செம்பு மோதிரம் கொடுத்தால், வியர்வை பட்டு விரலில் பச்சைக் கறை வரலாம், சோப்பு போட்டால் போய்விடும் என்று முதலிலேயே சொல்லிக் கொடுங்கள். பழைய நகை மாதிரி கறுப்பேற்ற எனக்குப் பிடித்த வழி வேகவைத்த முட்டை. சூடாக இருக்கும்போதே நசுக்கி, நகையோடு மூடியுள்ள டப்பாவில், நகையில் ஒட்டாமல் வைத்தால் அதிலிருந்து வரும் கந்தக வாயு சில மணி நேரத்தில் செம்பைக் கறுப்பாக்கும். அப்புறம் மிகச் சன்னமான ஸ்டீல் வூலால் (எஃகு இழைப் பஞ்சு) மேடுகளை மட்டும் தேய்த்தால் பின்னல் எடுப்பாகத் தெரியும். முத்து, டர்கோய்ஸ் மாதிரி மென்மையான கற்களை இதில் வைக்காதீர்கள். கறுக்காமல் இருக்க வார்னிஷ் பூசிய கம்பியிலும் இது பிடிக்காது.

நேரம் என்று பார்த்தால் ஒரு ஜோடி எளிய கம்மலுக்கு அரை மணி, பின்னல் போட்ட பெண்டன்டுக்கு இரண்டு மூன்று மாலைகள். பின்னும்போது கட்டைவிரல் வலித்தால் நிறுத்திவிடுங்கள். நான் நிறுத்தாமல் போய் ஒரு வாரம் குறட்டைத் தொட முடியாமல் இருந்தேன்.

போன வாரம் அம்மாவின் பெண்டன்ட் வந்தது. மூன்று வருடமாகத் தினமும் போட்டதில், சங்கிலி நுழையும் வளையம் உராய்ந்து உராய்ந்து நூல் மாதிரி மெலிந்திருக்கிறது, ஒற்றைக் கம்பியில் விட்டிருந்தேன். கம்பியை மட்டும் வெட்டிக் கழற்றினேன், பசை இல்லாததால் கல் அப்படியே ஒரு கீறல்கூட இல்லாமல் கைக்கு வந்தது. அதே டிசைன்தான் வேண்டும் என்கிறார் அம்மா. பின்னல் பாதி முடிந்திருக்கிறது, வளையத்துக்கு இந்த முறை 18 கேஜ் கம்பி இரண்டை எடுத்து வைத்திருக்கிறேன்.