‘டிஸ்கஸ் அபௌட்’ தவறு என்று எந்த அகராதி சொல்லும்?

‘லெட் அஸ் டிஸ்கஸ் அபௌட் இட்’ என்று அலுவலக மின்னஞ்சல்களில் அடிக்கடி பார்க்கிறோம். அங்கே ‘அபௌட்’ வரக்கூடாது. ‘டிஸ்கஸ் இட்’ போதும். ‘அதைப் பற்றிப் பேசுவோம்’ என்று மனதுக்குள் தமிழில் ஓடுவதால், அந்தப் ‘பற்றி’யும் கூடவே ஆங்கிலத்துக்குள் வந்துவிடுகிறது. யாரும் திருத்தாமல், அகராதியைப் பார்த்தே இதைத் தெரிந்துகொள்ள முடியுமா?

கையடக்க ஆங்கிலம்–தமிழ் அகராதியில் ‘விவாதி’, ‘கலந்து பேசு’ என்று இருக்கும். பொருள் சரி. ஆனால் வாக்கியத்தில் எப்படி வரும் என்பதற்கு அதில் இடமில்லை. அதற்காக அதை ஒதுக்கிவிடாதீர்கள். ‘கோரியாண்டர்’ என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் எவ்வளவு விளக்கினாலும் ‘கொத்தமல்லி’ என்றால்தான் சட்டென்று விளங்கும். செடி, பறவை, மீன் என்று வந்தால் என் கை முதலில் போவது தமிழ் அகராதிக்குத்தான்.

வினைச்சொல்லுக்கு என் தேர்வு ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதி. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி, சகாக்களோடு தொகுத்து 1942இல் டோக்கியோவில் வெளிவந்த அகராதிதான் அதன் மூலம். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் எங்கே இடறுவார்கள் என்பது வகுப்பறையில் நின்றவருக்குத் தெரியாதா! ஒவ்வொரு வினையும் எந்த அமைப்பில் வரும் என்பதை அவர் பொருளோடு சேர்த்தே கொடுத்தார். இன்றும் ‘டிஸ்கஸ்’ பதிவில், ‘அபௌட்’ சேர்க்காதீர்கள் என்ற குறிப்பு இருக்கிறது. ‘சஜெஸ்ட் மீ எ புக்’ என்று எழுதுபவர்கள் ‘சஜெஸ்ட்’ பதிவையும் ஒருமுறை பார்க்க வேண்டும். அங்கும் இதே மாதிரி ஓர் எச்சரிக்கை உண்டு.

காலின்ஸ் கோபில்ட் வேறு வழியில் போகிறது. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் உருவாகி 1987இல் வந்த அகராதி இது. விளக்கமே முழு வாக்கியமாக இருக்கும். கேட்ட சொல் அந்த வாக்கியத்துக்குள்ளேயே சரியான இடத்தில் நிற்கும். படிக்க இதமானது. ஆனால் ‘டிஸ்கஸ்’ஸுக்கு அடுத்து என்ன வருகிறது என்பதை நாமே கவனித்துப் பிடிக்க வேண்டும். ஊறிப்போன தவறை உடைக்க அது போதாது என்பேன்.

லாங்மன் அகராதி 1978 முதல் பதிப்பிலிருந்தே சுமார் 2,000 எளிய சொற்களுக்குள் விளக்கங்களை அடக்குகிறது. இப்போதுதான் ஆங்கிலம் படிக்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கு அதை வாங்கிக் கொடுக்கலாம்.

கடைசியாக ஒன்று: ‘எ டிஸ்கஷன் அபௌட் சாலரி’ சரிதான். ‘அபௌட்’ ஆகாதது வினைக்கு மட்டும், பெயர்ச்சொல்லுக்குத் தடையில்லை. ஆக்ஸ்ஃபோர்டு தளத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பக்கங்கள் உண்டு, இலவசமாகவே பார்க்கலாம்.