கடைசி பெஞ்சில் புள்ளி தெரிகிறதா? ஆலயத்துப் ப்ரொஜெக்டரோடு எட்டு ஆண்டுகள்

எங்கள் ஆலயத்தில் முதல் ப்ரொஜெக்டர் மாட்டி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. அதையும், பிறகு வந்த இரண்டாவதையும், கேமராவையும், நேரலையையும் பார்த்துக்கொள்ளும் குழுவில் அன்று முதல் இருக்கிறேன். "எதை வாங்கலாம் அண்ணே?" என்று மற்ற சபைகளிலிருந்து அடிக்கடி கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் போனில் சொன்னதைச் சேர்த்து எழுதிவைக்கிறேன்.

முதலில் வாங்கியது 3000 லூமென்ஸ் (ப்ரொஜெக்டர் வெளியிடும் ஒளியின் அளவு), 1024×768 ரெசல்யூஷன் உள்ள சாதாரண லாம்ப் ப்ரொஜெக்டர். திரையில் படம் 2.4 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் உயரம். முன்வரிசையில் நின்று பார்த்த எங்களுக்கு அருமையாகத் தெரிந்தது. மூன்றாவது ஞாயிறு ஆராதனை முடிந்ததும், எப்போதும் கடைசி பெஞ்சில் உட்காரும் ஒரு பாட்டி என்னைக் கூப்பிட்டு, "தம்பி, வெளிச்சம் தெரியுது, எழுத்து தெரியல" என்றார்.

அன்று மாலை அவர் இடத்தில் போய் உட்கார்ந்தேன். திரை அங்கிருந்து 18 மீட்டர். ஒரு ஸ்லைடில் பத்து வரி போட்டிருந்தோம். 'கர்த்தர்' என்ற சொல் 'கரததர' போலத்தான் தெரிந்தது. புள்ளிகள் காணவில்லை. எழுந்து போய்த் திரையில் அளவுகோல் வைத்துப் பார்த்தேன். ஒரு புள்ளி ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. தூரம் கூடக்கூடத் தமிழ் எழுத்தில் முதலில் மறைவது புள்ளிதான், அடுத்தது கொம்பு, சுழி. இளம் கண்கள் பழக்கத்தில் ஊகித்துப் படித்துவிடும். வயதானவர்களுக்கு அது முடியாது. திரை யாருக்காக வந்ததோ அவர்களுக்கே பயன்படவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். எழுத்தைப் படிக்கவேண்டிய இடத்தில், கடைசி இருக்கைக்கும் திரைக்கும் உள்ள தூரம், படத்தின் உயரத்தைப்போல் ஆறு மடங்கைத் தாண்டக்கூடாது என்பது இந்தத் துறையில் பழைய கணக்கு. வெறுமனே வீடியோ பார்ப்பதென்றால் எட்டு மடங்கு வரை போகலாம். எங்கள் 18 மீட்டருக்குப் படம் 3 மீட்டர் உயரம் இருக்கவேண்டும். எங்களிடம் இருந்தது 1.8. கடைக்குப் போகுமுன் டேப் பிடித்து அளக்கவேண்டியது இந்த ஒரு தூரத்தைத்தான். அது தெரியாமல் லூமென்ஸ் பற்றிப் பேசுவது வீண்.

சரி, படத்தைப் பெரிதாக்கினோம்: 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். எழுத்து பெரிதானது, படம் வெளுத்துப் போனது. காரணம் எளிது. பரப்பளவு 4.3 சதுர மீட்டரிலிருந்து 12 ஆகிவிட்டது. அதே 3000 லூமென்ஸ் ஏறக்குறைய மூன்று மடங்கு இடத்தில் பரவுகிறது. லூமென்ஸைப் பரப்பால் வகுத்தால் லக்ஸ், அதாவது திரையில் விழும் வெளிச்சத்தின் அளவு, கிடைக்கும். முன்பு 690 லக்ஸ் விழுந்த திரையில் இப்போது 250.

கமிட்டியில் எல்லோரும் சொன்னது ஒன்றே: "லூமென்ஸ் அதிகம் உள்ளதாகப் புதிதாக வாங்குவோம்." நல்லவேளை, வாலிபர் ஒருவர் லக்ஸ் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கி வந்தார். ஞாயிறு காலை ஆராதனை நேரத்தில், ப்ரொஜெக்டரை அணைத்துவிட்டு, திரையின் மேல் மீட்டரை வைத்துப் பார்த்தால் 80 லக்ஸ். பக்கத்து ஜன்னல் வழியே வரும் வெயிலும், பீடத்துக்கு மேலே எரியும் இரண்டு விளக்குகளும் நேராகத் திரையில் விழுந்துகொண்டிருந்தன.

திரையில் நாம் பார்க்கும் 'கறுப்பு' என்பது, ப்ரொஜெக்டர் ஒளி விழாத இடத்தில் அறையின் வெளிச்சம் எவ்வளவோ அவ்வளவுதான். ப்ரொஜெக்டரால் வெளிச்சத்தைக் கூட்டத்தான் முடியும், இருட்டைக் கொடுக்க முடியாது. ஆகவே பார்க்கவேண்டியது விகிதத்தை. எங்களுக்கு (250+80) வகுத்தல் 80, அதாவது நாலுக்கு ஒன்று. 2011இல் வந்த ஏ.என்.எஸ்.ஐ. (அமெரிக்கத் தரநிலை நிறுவனம்) தரநிலை ஒன்றின்படி சும்மா பார்ப்பதற்கே 7:1 வேண்டும். படித்துப் புரிந்துகொள்ள 15:1. முழு அசைவுப் படத்துக்கு 80:1.

ஜன்னலுக்குத் தடித்த திரைச்சீலை போட்டோம். பீடத்து விளக்குகளைத் திரும்ப மாட்டி, ஒளி கீழே மட்டும் விழும்படி செய்தோம். மீட்டர் 20 லக்ஸ் காட்டியது. விகிதம் நாலிலிருந்து பதின்மூன்றைத் தாண்டியது, அதே பழைய ப்ரொஜெக்டரில்! வெளிச்சத்தைச் சரிசெய்யாமல் இரண்டு மடங்கு லூமென்ஸ் வாங்கியிருந்தால்கூட ஏழைத்தான் தொட்டிருப்போம். அந்தத் திரைச்சீலையால் பழைய ப்ரொஜெக்டர் இன்னும் மூன்று ஆண்டு உழைத்தது. எங்கள் எட்டு ஆண்டில் செய்த செலவுகளில் மிக நல்ல செலவு எது என்று கேட்டால் அந்தத் துணியைத்தான் சொல்வேன்.

எங்கள் முதல் லாம்ப் 1700 மணி நேரத்தில் மங்கி, மஞ்சள் பூத்துப்போனது. பெட்டியில் 4000 மணி என்று போட்டிருந்தது. இதில் ஏமாற்று ஒன்றுமில்லை; ஆயுள் கணக்கு பெரும்பாலும் சிக்கன முறையில் ஓடுவதை வைத்துச் சொல்வது, அதற்குள்ளேயே வெளிச்சம் பாதியாகக் குறைவதும் இயல்பு. இன்னொன்றையும் இங்கே யோசிக்கவேண்டும். எங்கள் பயன்பாடு வாரத்துக்கு எட்டு மணி நேரம், ஆண்டுக்கு 400 மணி. லாம்ப்புக்குப் பதில் லேசர் ஒளி உள்ள ப்ரொஜெக்டரைக் காட்டி, "லேசர் 20,000 மணி உழைக்கும்" என்று விற்பனையாளர் சொன்னபோது கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஐம்பது ஆண்டு. அதற்கு வெகு முன்பே உள்ளே இருக்கும் போர்டு போய்விடும். ஆகவே வாரத்தில் இரண்டு மூன்று ஆராதனை மட்டும் நடக்கும் சபைக்கு அந்த 20,000 ஒரு காரணமே அல்ல.

ஆனாலும் இரண்டாவது முறை நாங்கள் லேசர்தான் வாங்கினோம். 6000 லூமென்ஸ், 1920×1200. காரணங்கள் வேறு. கரண்ட் போய் வந்தால் லாம்ப் ப்ரொஜெக்டர் சூடு ஆறும்வரை திரும்ப எரியாது. ஜெபத்துக்கு நடுவில் ஐந்து நிமிடம் எல்லோரும் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்போம். லேசரில் அந்தத் தொல்லை இல்லை. வெளிச்சமும் மெல்ல மெல்லத்தான் குறைகிறது. ஏணி போட்டு மேலே ஏறி லாம்ப் மாற்றும் வேலையும் போயிற்று. இன்று 4.8 மீட்டர் அகலப் படத்தில் விகிதம் இருபதைத் தாண்டி நிற்கிறது. பாடல் வரிகளுக்கும் வசனத்துக்கும் இது போதும். சினிமாப் படம் போல வேண்டும் என்று கேட்டால் போதாது.

எங்கே மாட்டுவது என்பதை வாங்குமுன்பே முடிவு செய்யுங்கள். த்ரோ ரேஷியோ (திரைக்கு உள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தது) 1.6 என்றால், 4.8 மீட்டர் அகலத்துக்கு 7.7 மீட்டர் தள்ளி மாட்டவேண்டும். எங்கள் கூரையில் அந்த இடத்தில் உத்தரம் இருந்தது, தப்பித்தோம். முதல் ப்ரொஜெக்டரைக் கிடைத்த இடத்தில் சாய்வாக மாட்டி, கீஸ்டோன் வைத்துச் சதுரமாக்கியிருந்தோம். கீஸ்டோன் என்பது படத்தைச் சுருக்கி நேராக்குவது. அதில் பிக்சல்கள் வீணாகின்றன, எழுத்தின் ஓரம் மங்குகிறது. லென்ஸ் ஷிஃப்ட் உள்ள மாடல் என்றால் படத்தைக் கெடுக்காமல் மேலும் கீழும் நகர்த்தலாம். அதற்காகக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தகும்.

கேபிளில்தான் அதிகம் அவதிப்பட்டோம். கண்ட்ரோல் மேசையிலிருந்து ப்ரொஜெக்டருக்கு 20 மீட்டர் சாதாரண எச்.டி.எம்.ஐ. கேபிள் போட்டிருந்தோம். சோதனையில் எல்லாம் சரி. திருவிருந்து நேரத்தில் படம் இரண்டு நொடி போகும், வரும், திரும்பப் போகும். மூன்று மாதம் ப்ரொஜெக்டரையும் லேப்டாப்பையும் மாற்றி மாற்றிச் சந்தேகப்பட்டோம். செம்புக் கம்பியில் எச்.டி.எம்.ஐ. சிக்னலைப் பத்துப் பதினைந்து மீட்டருக்கு மேல் நம்ப முடியாது என்பதுதான் விஷயம். கேட்6 நெட்வொர்க் கேபிள் வழியாக இதே சிக்னலை அனுப்பும் எச்.டி.பேஸ்.டி. எக்ஸ்டெண்டர் ஒரு ஜோடி போட்டோம். 100 மீட்டர் வரை போகும் அது, ஐந்து ஆண்டாக ஒருமுறைகூடக் கண் சிமிட்டவில்லை. சுவருக்குள் குழாய் பதிக்கும்போது ஒரு கேபிளுக்கு இரண்டாகப் போட்டுவையுங்கள்.

எழுத்துரு பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் பழைய பாடல் ஸ்லைடுகள் பாமினி என்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் அடித்தவை. லேப்டாப் மாறிய அன்று திரை முழுக்க அர்த்தமில்லாத குறிகள். நானூறுக்கும் மேற்பட்ட பாடல்களை யூனிகோடில் திரும்ப அடித்தோம். பாடகர் குழுச் சகோதரிகள் நாலு மாதம் மாலையில் உட்கார்ந்து செய்த வேலை அது. இப்போது ஓபன்எல்பி என்ற இலவச மென்பொருளில் எல்லாம் இருக்கிறது. தடித்த எழுத்து, ஒரு ஸ்லைடில் நாலு வரிக்கு மேல் கிடையாது, பின்னணியில் கடலும் மேகமும் ஓடாது. கருநீலத்தில் வெள்ளை, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் இரண்டு வரியில் அடங்குவது தமிழில் பெரும்பாலும் மூன்று வரி பிடிக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ப்ரொஜெக்டருக்குப் பதில் எல்.இ.டி. வால் (தானே ஒளிரும் சுவர்த்திரை) வாங்கலாமே என்று இடையில் பேச்சு வந்தது. ஒரு கூட்டத்துக்காக ஒரு வாரம் வாடகைக்கு எடுத்துப் பார்த்தோம். வெயில் முகத்தில் அடித்தாலும் படம் பளிச்சென்று இருக்கும் என்பது உண்மை. திரைச்சீலை போட முடியாத மண்டபமா, அதுதான் வழி. பிட்ச் 2.5 என்றால் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 2.5 மில்லிமீட்டர், அப்படியானால் 4 மீட்டர் அகலத்தில் கிடைப்பது 1600 பிக்சல். நாங்கள் எடுத்தது 3.9. முன்வரிசைக்குப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது, பின்னால் நன்றாக இருந்தது. ஆனால் வெளிச்சத்தை இருபது சதவீதத்துக்குக் குறைத்த பிறகும் போதகர் ஐயாவின் முகம் கேமராவில் இருண்டது. கேமரா கொஞ்சம் திரும்பினால் சுவர் முழுக்க அலை அலையாகக் கோடுகள். நேரலை செய்கிறவர்கள் ரெஃப்ரெஷ் ரேட் (ஒரு நொடியில் படம் புதுப்பிக்கப்படும் தடவை) 3840 ஹெர்ட்ஸ் உள்ளதையே கேட்டு வாங்கவேண்டும், அதே தொகுதியில் நாலைந்து உபரி மாட்யூல்களும் (சுவரைச் சேர்க்கும் சிறு பலகைகள்) வேண்டும்; பின்னால் தனியாக வாங்கினால் நிறம் சேராது. எங்கள் ஆலயத்துக்கு அது தேவையில்லை என்று முடிவெடுத்தோம்.

கேமராவைப் பற்றிச் சுருக்கமாக. பின்சுவரில் 20 மடங்கு ஆப்டிகல் ஜூம் (லென்ஸாலேயே பெரிதாக்குவது) உள்ள பிடிஇசட் கேமரா ஒன்று. ரிமோட்டில் திருப்பலாம், பெஞ்சுகளுக்கு நடுவே யாரும் ட்ரைபாடோடு நிற்கவேண்டியதில்லை. டிஜிட்டல் ஜூம் எத்தனை மடங்கு என்று சொன்னாலும் காதில் வாங்காதீர்கள். எக்ஸ்போஷரை (கேமரா எடுத்துக்கொள்ளும் வெளிச்சத்தை) மேனுவலில் வைத்து முகத்துக்கு ஏற்றபடி பூட்டிவிடுங்கள். இல்லையென்றால் ஸ்லைடு மாறும்போதெல்லாம் முகமும் கறுத்து வெளுக்கும். நேரலைக்கு ஓபிஎஸ் என்ற மென்பொருள். வீடு​களில் படுக்கையில் இருந்து பார்க்கிறவர்களுக்குப் படத்தைவிடச் சத்தம் முக்கியம். மிக்ஸரின் மெயின் அவுட்டிலிருந்து எடுக்காமல், தனி ஆக்ஸ் (மிக்ஸரில் உள்ள துணை வெளியீடு) வழியாக எடுத்து அவர்களுக்கென்று மிக்ஸ் செய்யுங்கள். கேமராப் படம் மூன்று ஃப்ரேம் தாமதித்தால் 30 ஃப்ரேமில் அது 100 மில்லிசெகண்ட். அந்த அளவுக்குச் சத்தத்தையும் ஓபிஎஸ்ஸில் தாமதப்படுத்தினால் உதடும் சொல்லும் சேரும். மண்டபத்துத் திரையில் போதகரின் முகத்தைப் பெரிதாகக் காட்டினால் இந்த வித்தையும் உதவாது, ஏனென்றால் அங்கே சத்தம் நேராகக் காதுக்கு வந்துவிடுகிறது. அதனால் நாங்கள் மண்டபத்தில் முகம் காட்டுவதில்லை.

எங்கள் முதல் ஆபரேட்டர் மேற்படிப்புக்கு வெளியூர் போன வாரம், ப்ரொஜெக்டரை எந்த இன்புட்டில் வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. அன்றே சுவிட்ச் போடும் வரிசையை அட்டையில் எழுதி மேசையில் ஒட்டினேன். இப்போது ஆறு பேருக்குப் பழக்கம், அதில் ஒருவர் பணி ஓய்வு பெற்ற ஆசிரியை. அவரால் தனியாக ஓட்ட முடியாத எதையும் வாங்குவதில்லை என்று வைத்திருக்கிறோம்.

வாங்கப்போகிறவர்கள் கடையில் டெமோ பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஞாயிறு காலை, ஆராதனை நடக்கும் அதே நேரத்தில், அதே விளக்குகள் எரிய, டெமோ மெஷினை உங்கள் மண்டபத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். நல்ல விற்பனையாளர்கள் வருவார்கள். கண்ணாடி போட்ட ஒரு பெரியவரைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்து, அவருக்குப் பழக்கமில்லாத ஒரு வசனத்தைப் போட்டுச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பழகின பாட்டு வேண்டாம். அதை மனப்பாடமாகப் பாடிவிடுவார்கள்.

இரண்டாவது ப்ரொஜெக்டரை எடுக்குமுன் அந்தப் பாட்டியைத்தான் உட்காரவைத்தோம். ஏசாயாவிலிருந்து ஒரு வசனம் போட்டேன். மெதுவாக, ஒரு எழுத்து விடாமல் வாசித்துவிட்டு, "அடுத்ததைப் போடு" என்றார்.