பி.டி. உஷா அட்டைப்பட ‘ஸ்போர்ட்ஸ்டார்’ தேடுகிறவர்கள் கவனத்துக்கு

வீராங்கனைகள் அட்டையில் இருக்கும் பழைய விளையாட்டுப் பத்திரிகைகளைச் சேர்க்கிறவர்கள் வாட்ஸ்அப் குழுக்களில் வாங்கும்போது கொஞ்சம் கவனமாக இருங்கள். கலர் பிரிண்ட் எடுத்த அட்டையை வேறு இதழில் மாட்டி, அசல் என்று விற்கிறார் ஒருவர். எனக்கு 2,800 ரூபாய் போயிற்று.

1986 சியோல் ஆசியப் போட்டியில் உஷா 200 மீட்டர், 400 மீட்டர், 400 மீட்டர் தடை ஓட்டம், தொடர் ஓட்டம் என்று நான்கு தங்கம் வாங்கினார். 100 மீட்டரில் மட்டும் பிலிப்பைன்ஸின் லிடியா டி வேகா முந்திவிட, வெள்ளி. அந்தச் சமயத்து இதழை வைத்திருப்பவர் லேசில் கைவிட மாட்டார். கபில், கவாஸ்கர் அட்டைகள் பழைய புத்தகக் கடையில் எப்படியும் அகப்படும். உஷாவுக்குத்தான் அலைய வேண்டும். அந்த ஏக்கத்தை இந்த ஆள் காசாக்குகிறார்.

உள்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். “ரெண்டு பேர் வெயிட்டிங்ல இருக்காங்க சார், பணம் போட்டா இன்னைக்கே கூரியர்” என்றார். கூடவே ஏதோ விளம்பரப் பக்கத்தின் படம் ஒன்று வந்தது. ஜிபேயில் அனுப்பினேன்.

பார்சலைப் பிரித்தால் அட்டை வெளியே பழுப்பு, உள்புறம் வெள்ளை வெளேர். பத்திரிகை அச்சகங்களின் ஆப்செட் முறையில் அச்சான படத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தால் நுண்ணிய புள்ளிகள் ஒழுங்காக அடுக்கியிருப்பது தெரியும். இதில் அந்த வரிசையே இல்லை. உள்தாள்களில் துருக்கறையோடு பழைய ஸ்டேப்ளர் பின் துளை. பளபளக்கும் புதுப் பின் அதிலிருந்து கால் அங்குலம் தள்ளி. அட்டையில் பழைய துளையே கிடையாது. புரட்டினால், நாக்பூரில் நியூசிலாந்துக்கு எதிராக சேத்தன் சர்மா எடுத்த ஹாட்ரிக்! அது 1987 அக்டோபர் 31, ரிலையன்ஸ் கோப்பை என்ற கிரிக்கெட் உலகக் கோப்பை. சியோல் முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நடுப்பக்க போஸ்டரும் இல்லை. அதை யாராவது அப்போதே உருவிச் சுவரில் ஒட்டியிருப்பார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை.

கேட்டதற்கு முதலில் “பைண்டிங்ல மாறியிருக்கும் சார்”. அப்புறம் “பழைய பொருளுக்கு ரிட்டர்ன் இல்லை”. அப்புறம் பிளாக். பணம் அனுப்பிய விவரம், ஸ்கிரீன்ஷாட் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் பதிவு செய்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை.

நகல் என்றே சொல்லி 200 ரூபாய்க்குக் கொடுத்திருந்தால் நானே வாங்கி ஃபிரேம் போட்டிருப்பேன்.

யாரிடம் வாங்கினாலும் நடுப்பக்கத்தில் பின் தெரிகிற மாதிரி ஒரு படம் கேளுங்கள். அட்டையின் உள்புறம், தேதி அச்சான பக்கம் இரண்டும் வேண்டும். இழுத்தடித்தால் விட்டுவிடுங்கள். இதே ஆள் இப்போது வேறு எண்ணிலிருந்து, வேறு குழுவில் ஓட்டப்பந்தய வீராங்கனை ஷைனி ஆபிரகாம் அட்டை என்று ஒன்றைப் போட்டிருக்கிறார். எனக்கு அனுப்பிய படத்தில் இருந்த அதே பச்சைப் பூப்போட்ட போர்வைதான் அடியில் கிடக்கிறது. விலை மட்டும் 3,500 ஆகியிருக்கிறது.