ஐப்பசியில் செண்டுமல்லியா, சாமந்தியா?

வட சென்னையின் மாதவரம், மணலி பக்கத்துச் சிறு தோட்டங்களில் ஐப்பசி மழையைவிடத் தேங்கும் தண்ணீரே ஆபத்து. இரண்டு செடியும் வேரழுகிச் சாகும். மேட்டுப்பாத்தியும் வடிகாலும் கட்டாயம்.

செண்டுமல்லியில் செலவு குறைவு. விதை போட்டு, 25–30 நாள் நாற்றை 45க்கு 30 செ.மீ. இடைவெளியில் நடலாம். ஒரு மாதத்தில் நுனி கிள்ளினால் பக்கக்கிளை பெருகும். நட்ட இரண்டு மாதத்தில் பறிப்பு. ஆயுத பூஜைச் சந்தைக்கு ஆடியிலேயே நட்டாக வேண்டும். நனைந்த பூவை மூட்டையில் அடைத்தால் கறுத்துவிடும். ஈரம் காய்ந்தபின் பறியுங்கள்.

சாமந்தி தூர்க்கன்றில், அதாவது தாய்ச்செடியின் அடியில் கிளைக்கும் கன்றில், வளர்வது. விலை நன்றாக நிற்கும், ஆனால் பிடிவாதக்காரச் செடி: இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கும். வேலியோரம் தெருவிளக்கு விடிய விடிய எரிந்தால் அந்த வரிசை மட்டும் பூக்காமல் தழைத்து நிற்கும். வட சென்னையில் இருட்டான நிலம் கிடைப்பதே அபூர்வம். கிடைக்காதவர்கள் செண்டுமல்லியே போடலாம்.