வெடிக்கெட்டு நாளில் கருப்பனுக்குத் தைலமா, கோழி ஈரலா?

மீன மாதம் 20-ஆம் தேதி நெம்மாறா–வல்லங்கி வேல, பாலக்காட்டுப் பக்கத்துக் கோயில் திருவிழா. இரண்டு ஊராரும் போட்டி போட்டு வெடிக்கெட்டு, அதாவது வாணவேடிக்கை, நடத்துவார்கள். கொல்லங்கோட்டில் எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிரும். அதற்கு முன்பே எங்கள் நாய் கருப்பன் கட்டிலடியில் நெல் மூட்டைக்கும் சுவருக்கும் நடுவே மூக்கைச் செருகிவிடுவான். எச்சில் ஒழுகும், பின்னங்கால் வெடவெடக்கும். கீச்சென்ற ஒலிகளில் நம் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. நாய்க்கு ஏறத்தாழ 45,000 வரை எட்டுகிறது.

மூன்று ஆண்டு வேலத் திருவிழாக்களில் அவனுக்கு என்னென்னவோ செய்து பார்த்துவிட்டேன்.

முதலில் லாவெண்டர் தைலம். காரில் துள்ளிக் குதிக்கும் நாய்கள் இந்த வாசனையில் சற்று அடங்கி உட்கார்ந்ததாக 2006-இல் வந்த ஆய்வு ஒன்று உண்டு. ஆனால் கார் உற்சாகம் வேறு, வெடிப் பயம் வேறு. துணியில் இரண்டு சொட்டு விட்டு அருகில் வைத்தேன். தும்மிவிட்டு மூட்டைக்கு அந்தப் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டான். பூனை உள்ள வீட்டில் இந்த விஷப்பரீட்சையே வேண்டாம். தைலப் பொருள்கள் பலவற்றைச் சிதைக்கும் திறன் பூனையின் ஈரலுக்குக் குறைவு. மேலில் பட்டதையும் அது நக்கியே தீரும். கற்பூரத்தை முகரக் கொடுக்கச் சொன்னார் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. தப்பித் தவறி விழுங்கினால் வலிப்பு வரும்.

சீமைச் சாமந்தி (கெமோமில்) கஷாயம் என்று படித்துவிட்டு மாலைக்கு வாங்கிய சாமந்தியைக் கொதிக்கவைப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் வேறு பூ. நம் சாமந்தி நாய்க்கும் பூனைக்கும் ஆகாது, வாந்தி எடுக்கும்.

பூனைக்கு நம் மண்ணிலேயே ஒன்று இருக்கிறது: குப்பைமேனி. அதன் வேர் வாசனைக்குப் பூனை மயங்குவதால்தான் பூனைவணங்கி என்ற பெயர், மலையாளத்தில் பூச்சமயக்கி. ஒரு செடியைப் பிடுங்கிப் போட்டேன். எங்கள் பூனை சுந்தரி வேரில் முகத்தைத் தேய்த்துப் புரண்டாள், கால் மணி நேரம் ஒரே கூத்து. முதல் வெடி கேட்டதும் அலமாரி உச்சிக்கு ஓடிவிட்டாள். விளையாட்டுக்கு நல்ல வேர், பயத்துக்கு அல்ல.

மார்பைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டுவது இவற்றைவிடத் தேவலை. வெடிக்குப் பயப்படும் நாய்களை வளர்ப்போரிடம் 2020-இல் வெளியான ஓர் ஆய்வு எது பலன் தந்தது என்று கேட்டது. இறுக்குச் சட்டை உதவியதாக 44 சதவீதத்தினர் சொன்னார்கள். மூலிகை, வாசனைத் தைலம், ஹோமியோபதி எல்லாம் 27 முதல் 35-க்குள் முடங்கின. வெடித்த கையோடு தின்பண்டமோ விளையாட்டோ கொடுத்தவர்களில் 70 சதவீதத்துக்கும் மேல் பலன் கண்டதாகச் சொன்னார்கள். மருத்துவர் எழுதித் தந்த மருந்தும் ஏறக்குறைய அதே அளவு. உடம்பையே காயப்படுத்திக்கொள்ளும் அளவுக்குப் பயப்படும் நாய்க்கு அதுதான் வழி. திருவிழாவுக்கு முதல்நாள் ஓடாமல், சில வாரங்களுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

கருப்பனுக்குத் தின்பண்டமாகக் கோழி ஈரலே போதுமாக இருந்தது. முதல் ஆண்டு உச்ச வெடியின்போது நீட்டினேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டு தூரத்தில் ஒன்றிரண்டு கேட்கும்போதே தொடங்கினேன். வெடிக்கு ஒரு துண்டு, அவித்தது, உப்பில்லாமல். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து, கட்டிலடியிலிருந்து அவனை இழுக்காமல் விட்டேன்.

இந்த ஆண்டும் அங்கேதான் இருந்தான். ஒவ்வொரு வெடிக்கும் மூக்கு மட்டும் வெளியே வந்தது. ஈரல் தீர்ந்த பிறகும் வெடி தீரவில்லை. மீதியை இட்லித் துண்டில் ஓட்டினேன்.