தையல் அறைக்கு இன்டீரியர் ஆள் வைக்கப் போகிறீர்களா? மைக்கா ஒட்டும் முன் பலகையைப் பாருங்கள்

மதுரையில் வீட்டிலேயே பிளவுஸ், சுடிதார் தைத்துக் கொடுக்கிறேன். மாடியில் சும்மா கிடந்த அறையைத் தையல் அறையாக்க ஒரு இன்டீரியர் நிறுவனத்திடம் வேலையை ஒப்படைத்தேன். கட்டிங் டேபிள், துணி அடுக்க ஷெல்ஃப், நூல்கண்டுக்கும் பட்டனுக்கும் டிராயர், அயர்ன் பண்ண ஒரு மூலை. மொத்தம் 1,40,000 ரூபாய், பாதி அட்வான்ஸ்.

கொட்டேஷனில் "பிளை, மைக்கா ஃபினிஷ்" என்று மட்டும் இருந்தது; அதாவது பிளைவுட் பலகை, அதன் மேல் ஒட்டும் லேமினேட் தாள். என்ன பிளை என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். "710தான் மேடம், முழு வாட்டர்ப்ரூஃப்" என்று மேனேஜர் பதில் போட்டார். 710 என்பது தண்ணீர் தாங்கும் பிளையின் தர எண். கொட்டேஷனிலேயே எழுதச் சொன்னதற்கு, ஃபைனல் பில்லில் வரும் என்றார். வந்து இறங்கியவையோ பட்டறையிலேயே வெட்டி, மைக்கா ஒட்டி, ஓரத்துக்கு டேப்பும் அடித்த பெட்டிகள். உள்ளே இருப்பதைப் பார்க்க ஓர் இடுக்குகூட இல்லை.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஓவர்லாக் மெஷினின் அதிர்வில் டிராயர் சேனல் திருகுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. முடுக்கினால் சும்மா சுற்றின. துணி அடுக்கிய ஷெல்ஃப் நடுவில் தொய்ந்தது. ஸ்டீம் அயர்னில் ஊற்றும்போது சிந்திய தண்ணீர் பட்டு அடிப்பலகை ஓரம் உப்பி, டேப் பிரிந்துவிட்டது. தெரிந்த கார்பென்டர் தம்பி வந்து ஒரு கீலைக் கழற்றினார். ஓட்டையிலிருந்து கொட்டியது தூள். "அக்கா, இது பிளையே இல்ல, பார்ட்டிக்கிள் போர்டு. தூள அமுக்கி ஒட்டினது. ஒரு தடவ திருகு விட்டுச்சுன்னா அந்த ஓட்டையில மறுபடி பிடிக்காது."

கம்பெனிக்குப் போன் போட்டால், "கிச்சனா மேடம், தையல் ரூம்தானே? தண்ணி எங்க படப்போகுது?" என்கிறார் மேனேஜர். பணம் போனதைவிட இந்தப் பேச்சுதான் எரிச்சல். ஏதோ பொழுதுபோக்குக்குப் பூ தைக்கிறேன் என்ற நினைப்பு.

டேபிள் உயரம் 36 அங்குலம் கேட்டிருந்தேன்; நின்றபடி வெட்டுவதற்கு எனக்கு அதுதான் சரி. வந்தது 30, ஆபீஸ் மேஜை அளவு. குனிந்து குனிந்து முதுகு போகிறது.

அயர்ன் மூலை இன்னும் மோசம். என் ஸ்டீம் அயர்ன் 2000 வாட், கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். லைட் லைனிலிருந்தே ஒயரை இழுத்து 6 ஆம்பியர் பாயின்ட் வைத்து, பெரிய பின் நுழைவதற்கு ஒரு கன்வெர்ட்டர் பிளக்கையும் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். பிளக் சூடாகிக் கருகல் வாடை வந்தது. எலக்ட்ரீஷியனை வைத்து மெயின் போர்டிலிருந்து 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயரில் தனி லைன் இழுத்து 16 ஆம்பியர் பாயின்ட் வைத்தேன். அந்தச் செலவும் என் தலையில்தான்.

வேலை கொடுக்கப் போகிறவர்களுக்கு: ஐஎஸ் (இந்தியத் தரநிலை) 710 என்பது தண்ணீர் தாங்கும் மரைன் பிளை. ஐஎஸ் 303 என்றால் சாதாரண உபயோகத்துக்கான பிளை. அதிலேயே ஈரம் தாங்குவதில் இரண்டு தரம் உண்டு. எதுவானாலும் கிரேடு, தடிமன், டேபிள் உயரம், பிளக் பாயின்ட் எல்லாமே கொட்டேஷனில் ஏறட்டும். 8 அடிக்கு 4 அடி பிளை ஷீட்டை வெட்டும் முன் நேரில் பாருங்கள். ஐஎஸ்ஐ முத்திரையோடு சிஎம்/எல் என்று தொடங்கும் லைசென்ஸ் எண் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் ஆப்பில் அதைப் போட்டால் யாருடைய லைசென்ஸ் என்று தெரிந்துவிடும். பட்டறையில் ஒட்டித்தான் தருவோம் என்றால், ஒட்டும் முன் பட்டறைக்கே போய்ப் பாருங்கள். கடைசித் தவணையை டிராயர்களில் சாமான் நிரப்பி இழுத்துப் பார்த்த பிறகு கொடுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். அதற்கப்புறம்தான் கம்பெனியிலிருந்து போனே வந்தது: கதவுகளை மட்டும் மாற்றித் தருகிறார்களாம். கதவு எனக்கு எதற்கு? அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமில்லை, 2 வருடத்துக்குள் போட வேண்டும். அந்த "710தான் மேடம்" மெசேஜைப் பிரின்ட் எடுத்து வைத்திருக்கிறேன். ஃபைனல் பில் இன்னும் வரவில்லை.