மார்த்தாண்டம் பக்கம் பூனைக்குட்டிக்குப் புழு மருந்து வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

ஜூலை மாதம் பக்கத்து வீட்டு விறகுப்புரையில் கிடந்த இரண்டு பூனைக்குட்டிகளை என் மகள் வீட்டுக்கு எடுத்து வந்தாள். தாய்ப்பூனை ரோட்டில் அடிபட்டுச் செத்துவிட்டது. சாளை, நெத்திலி என்று அவளே பெயர் வைத்தாள். வந்த நாளிலிருந்து இரண்டும் வாசற்படி தாண்டியதில்லை. அப்படி வீட்டுக்குள்ளேயே வளர்ந்த குட்டிகளுக்கு மூன்றரை மாதம் விடாமல் வயிற்றில் புழு. அந்த மூன்றரை மாதமும் மார்த்தாண்டம் பக்கம் ஒரு கடையில் பணத்தைக் கொட்டினோம். கடைப் பெயரை எழுதப் போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

முதல் வாரமே சாளை வாந்தி எடுத்தது. அதில் இடியாப்ப இழை போல நீளமாக ஒன்று சுருண்டு கிடந்தது. பயந்துபோய் ‘பெட் கிளினிக்’ என்று போர்டு வைத்திருந்த அந்தக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வெள்ளைக் கோட் போட்ட ஒருவர் குட்டியைத் தொடாமலே ஒரு சிரப்பை எடுத்து ஆளுக்கு 1 மில்லி ஊற்றினார். ஒரு தடவைக்கு 350 ரூபாய். பதினைந்து நாள் கழித்து மறுபடி வரச் சொன்னார்.

இதுவரைக்கும் அவரைக் குறை சொல்ல மாட்டேன். உருண்டைப்புழு தாய்ப்பாலிலேயே குட்டிக்கு வந்துவிடும். வயிற்றில் இருக்கும் புழுவை மருந்து கொல்லும், உடம்புக்குள் அலைந்துகொண்டிருக்கும் இளம்புழுவைக் கொல்லாது. அதனால் சின்னக் குட்டிக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திரும்பக் கொடுப்பது சரியான முறைதான். இதை எல்லாம் பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

மூன்றாவது தடவை போனபோது விஷயமே வேறாகிவிட்டது. நெத்திலி படுத்து எழுந்த துணியில் அரிசிமணி போல வெள்ளையாக ஏதோ கிடந்தது. உற்றுப் பார்த்தால் ஒன்று மெதுவாக நீண்டு சுருங்குகிறது. காய்ந்தவை எள் போல மஞ்சளாகி, வாலடி மயிரில் ஒட்டியிருந்தன. துணியோடு சுருட்டிக் கடைக்குக் கொண்டுபோனேன். அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. “பூச்சிதானே அக்கா, அதே மருந்துதான்” என்று மறுபடி அந்த சிரப்பையே ஊற்றினார்.

இரண்டு மூன்று நாள் அரிசிமணி கண்ணில் படாது. மருந்து கேட்கிறது என்று நாங்களும் நம்புவோம். அப்புறம் திரும்ப வரும். கேட்டால் “வெளிய விடுறீங்க போல” என்பார். விடவே இல்லை என்றால், “அப்ப மீன்லேந்துதான் வருது” என்பார். என் அம்மா சாளை மீனை அவித்து, முள் நீக்கித்தான் கொடுப்பார். அதையும் நிறுத்தச் சொல்லி 1,950 ரூபாய்க்கு ஒரு தீனி மூட்டையைத் தலையில் கட்டினார். ஈரல் டானிக் என்று இரண்டு பாட்டில், 840 ரூபாய். சிரப்புக்காக மட்டும் ஏழு தடவை போயிருக்கிறோம், 2,450 ரூபாய். ஒரு தடவைகூட குட்டியை எடை போடவில்லை, மலத்தைக் கேட்கவில்லை.

கடைசித் தடவை, குட்டிகள் சொறிந்துகொண்டே இருக்கின்றன என்று சொன்னேன். 480 ரூபாய்க்கு, முதுகில் விடும் சொட்டு மருந்து ஒன்று கொடுத்தார். பெட்டியில் நாய் படம். “பாதி விட்டாப் போதும் அக்கா” என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. மேசை மேல் வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை நெத்திலி எழுந்திருக்கவே இல்லை. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஈறு காகிதம் போல வெளுத்திருந்தது. இருக்கிற மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு அரசு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கிருந்த டாக்டரம்மா முதலில் தராசில் வைத்தார். கிட்டத்தட்ட ஐந்து மாதக் குட்டி, 1 கிலோ 200 கிராம்தான். பிறகு பேன் சீப்பு போன்ற ஒன்றால் முதுகு மயிரை வாரி, உதிர்ந்த கரும்பொடியை நனைத்த பஞ்சில் தட்டினார். பொடியைச் சுற்றிப் பஞ்சு மெல்லச் சிவந்தது. “இது அழுக்கில்ல, தெள்ளுப்பூச்சியோட எச்சம். ரத்தத்தைக் குடிச்சுட்டு இதைப் போடும்” என்றார்.

அரிசிமணி என்று நாங்கள் பார்த்தது நாடாப்புழுவின் துண்டுகளாம். அதன் முட்டையைத் தெள்ளுப்பூச்சியின் புழு தின்னும். அது வளர்ந்து பூச்சியானதும், அந்தப் பூச்சியைப் பூனை மயிரை நக்கும்போது விழுங்கிவிடும். இரண்டு மூன்று வாரத்தில் வயிற்றில் நாடாப்புழு தயார். பூச்சி நம் உடுப்பிலோ கால்மிதியிலோ வீட்டுக்குள் வரும், பூனை வெளியே போகவே வேண்டாம். நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்கிறது, ஈரம் காய்வதே இல்லை. தெள்ளுப்பூச்சிக்குக் கொண்டாட்டம். நாங்கள் கொடுத்த சிரப் பைரன்டெல், அது நாடாப்புழுவை ஒன்றும் செய்யாது. அதற்கு பிராசிகுவான்டெல் வேண்டும், அதுவும் எடைக்குத் தகுந்த அளவில்.

பிறகு அந்த நாய்ப்பட மருந்துப் பெட்டியைத் திருப்பிப் படித்தார். முகம் மாறிவிட்டது. பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி. நாய்க்குப் போடலாம். பூனைக்குப் போட்டால் நடுக்கம், வலிப்பு வந்து உயிரே போகும், பாதி அளவும் ஆபத்துதான் என்றார். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மாத்திரை, பூனைக்குட்டிக்கான சொட்டு மருந்து எல்லாம் சேர்த்து அந்த தீனி மூட்டையின் கால்வாசி விலைகூட ஆகவில்லை. மிச்ச வேலை வீட்டில்தான். துணி, மெத்தை உறை எல்லாம் கொதிநீரில் போட்டோம். கட்டிலடி, சோபா இடுக்கு என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள் தூசி உறிஞ்சினோம். தெள்ளுப்பூச்சிக் கூட்டுப்புழு மாதக்கணக்கில் பதுங்கிக் கிடக்குமாம், அதனால் சொட்டு மருந்தையும் மாதம் தவறாமல் போடுகிறோம். நெத்திலி இப்போது சாளையை விரட்டி விளையாடுகிறது.

கடைக்குத் திரும்பப் போய்க் கேட்டேன். அங்கே கால்நடை மருத்துவரே கிடையாது. கோட் போட்டிருந்தவர் விற்பனை ஆள். 1984-ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் வைத்தியம் பார்க்கலாம். சீட்டில் மருத்துவர் பெயரும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். எங்களுக்குத் தந்ததெல்லாம் கடை முத்திரை குத்திய துண்டுத்தாள். பிரிக்காத தீனி மூட்டைக்கு மட்டும் பணம் திரும்பத் தந்தார்கள். மற்றதற்கு நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன்.

இதைப் படிக்கிற யாராவது நாய்ப்படம் போட்ட சொட்டு மருந்தைப் பூனைக்கு வாங்கி வைத்திருந்தால் தயவுசெய்து போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால், நடுக்கம் வரட்டும் என்று காத்திருக்காமல், பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தில் வெதுவெதுப்பான நீர் கலந்து முதுகைக் கழுவி, துவட்டி, மருந்துப் பெட்டியோடு உடனே டாக்டரிடம் கொண்டுபோங்கள்.